வெந்நீர்க் கொட்டில்

என்னை மட்டும் ஏன் கடிப்பதில்லை என்று இன்றைக்கும் கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? கடிக்கிறது, எனக்குத் தடிப்பதில்லை, அவ்வளவுதான் என்றால் நம்பமாட்டார். உடம்பு பழகிவிட்டது என்றால் கோபம் வரும். நீயும் அதுகளில் ஒன்றாகிவிட்டாய் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். சொல்லட்டும். சொல்லிவிட்டால் ஒருவேளை எனக்கும் அரிக்கத் தொடங்கலாம்.

கார்மின் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இதை நினைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவர் பொனிஃபாஸ் தெள்ளுப்பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறை அறையாக நடப்பார். இருபது எட்டு வைத்ததும் வாசல் வெளிச்சத்துக்கு வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஈர விரலால் அழுத்தி எடுத்துச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறுவார். நகத்தில் நசுக்கினால் அது சாகாது என்பது இந்த மூன்று வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"கூடத்துல பதினாலு," என்று அங்கிருந்தே சொன்னார். "நேத்து ஒம்பதுதான்."

"நேத்து வெயில் எட்டிப் பார்த்துச்சு. அதனால இருக்கும்."

"வெயிலுக்கும் அதுக்கும் என்ன? மழைன்னா குடை பிடிச்சிட்டு வருதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டாள்.

"கேட்டீங்களா, கஞ்சி ஆறுது."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர்கள் ஊரான கல்லபதவில் எந்த வீட்டிலும் புருஷன் பெயர் வாயில் வராது. பொனிஃபாஸ் வந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டார். சிவப்பரிசிக் கஞ்சி, உப்பு மாங்காய், சுட்ட கருவாடு. மங்களூர்ப் பக்கத்து மழைக்காலத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அவர் தலை குனிந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே இடது கை தானாகப் போய்க் காலைத் தேய்த்தது.

"உன்னைக் கடிக்கவே இல்லையா?"

"கடிக்குது."

"எங்க, காட்டு."

அவள் நைட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். கிணற்றங்கரைப் பாசி வழுக்கி விழுந்த பழைய தழும்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"இருபத்திரெண்டு வருஷம் குவைத்துல கிடந்தேன். ஒரு கொசு கடிச்சதில்ல. சொந்த வீட்டுக்கு வந்து ரத்தம் குடுக்கிறேன்," என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய கால்கள் பார்க்கும்படி இல்லை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சிவப்புத் திட்டுகள், சொறிந்து சொறிந்து பக்குக் கட்டியவை. இடது கணுக்காலுக்கு மேல் ஒன்று புண்ணாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. காலையும் மாலையும் கார்மின் அதை வெந்நீரில் துடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். ஒவ்வொரு முறை துணியைப் பிரிக்கும்போதும் ஓரத்தில் காசளவுக்குக் கூடியிருக்கிறதோ குறைந்திருக்கிறதோ என்று இருவரும் பார்ப்பார்கள். 

அவர் குவைத்தில் இருந்தபோது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளுக்கும் கார்மின் நல்ல சேலை கட்டினாள், நாய்களைக் கொல்லையில் கட்டினாள், பூனைகளை அடுப்படியிலிருந்து விரட்டினாள். விருந்தாளிக்குச் செய்வது போல எல்லாம் செய்தாள். அவர் போனதும் நாய்களை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கும்போது மனதில் ஒரு நிம்மதி வரும். உடனே அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமோ என்று பயமும் வரும். இந்த முறை அவர் வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. இனிப் போகமாட்டார். நாற்பது நாள் முடியவே இல்லை.

மிருகங்களை அவள் தேடிப் போய் வாங்கவில்லை. கைசர் ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று கோவிலிலிருந்து பின்னாலேயே வந்த நாய்க்குட்டி. இப்போது பதிமூன்று வயது, மூக்கைச் சுற்றி நரை. டைனா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து கைவிடப்பட்ட பெட்டை நாய். யார் கூப்பிட்டாலும் போவாள், வண்டியைக் கண்டால் தானே ஏறிக்கொள்வாள். பூனைகள் மூன்று. ஒற்றைக்கண்ணி, பட்டாணி, பிறகு உடம்பெல்லாம் கறுத்துக் கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை உள்ள ஒன்று. அதைச் சாமியார் என்ற பொருளில் பாத்ரி என்று கூப்பிட்டாள். மகள் லவீனா படிக்கப் போனாள், பிறகு கல்யாணமாகி பெங்களூர் போனாள். அவள் போகப் போக வீட்டில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

ஜூலைக் கடைசியில் தெள்ளு வந்தது. முதல் வாரம் அவள் உப்பைத் தூவிப் பெருக்கினாள். அடுத்த வாரம் மெத்தை, தலையணை, சாக்கு எல்லாவற்றையும் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்தாள். கொதிக்க வைத்தது காய ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் பூஞ்சை பிடித்தது. தரையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள். விளக்கைத் தரையில் வைத்து அடியில் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தாள். வெளிச்சத்துக்குக் குதித்தவை தண்ணீரில் மிதந்தன. தினம் ஒரு முறை, பேன் சீப்பால், இரண்டு நாய் மூன்று பூனை, ஒவ்வொன்றையும் மடியில் போட்டு வாரினாள். அடுத்த நாளும் சீப்பில் அதே அளவு வந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தாள். கழுத்துக்குப் பின்னால் விடச் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தாள். "மேல இருக்கிறது கொஞ்சந்தான் ஆன்ட்டி. முட்டை, புழு, கூடு எல்லாம் வீட்டுல இருக்கு. கூட்டுக்குள்ள மாசக்கணக்கா சும்மா கிடக்கும். சூடு பட்டா, கால் அதிர்ந்தா வெளிய வரும். அதுங்க எங்கெங்க படுக்கும்?"

"வராண்டாவுல. அடுப்படியில. மத்தியானம் என் கட்டிலுக்கு அடியில."

"வேற?"

கார்மின் யோசித்துப் பார்த்தாள். "வீட்டுக்குள்ள வேற எங்கயும் இல்ல," என்றாள்.

இந்த மூன்று இடங்களையும் அவள் தரை தேயும்படி தேய்த்தாள். தெள்ளு குறையவில்லை.

புகை போடச் சொன்னது பாகி. மேட்டில் குடியிருக்கும், துளு பேசும் பெண், வாரத்தில் நாலு நாள் வந்து தேங்காய் உரித்து ஓலை முடைந்து தருபவள். கிறிஸ்தவ வீட்டுக்காரர்களை இந்தப் பக்கம் எல்லாரும் கூப்பிடுவது போல அவளும் கார்மினைப் பாயம்மா என்றும் பொனிஃபாஸைப் பொர்பு என்றும்தான் கூப்பிடுவாள்.

"பாயம்மா, உப்பும் மண்ணெண்ணெயும் என்ன செய்யும்? அதுங்களுக்கு ஊறுகாயா போடுறீங்க? சாயங்காலம் நல்ல காஞ்ச தேங்காமட்டை ஒரு கூடை கொண்டாந்து ரூமுக்கு ரூம் சட்டியில போட்டு, மேல பச்ச வேம்பு போட்டு, கதவைச் சாத்துங்க. எங்கம்மா வீட்டுல மாட்டுக் கொட்டாயில இதான். மாடே தும்மிட்டு நிக்கும், பூச்சி எங்க நிக்கும்?"

"வீட்டுக்காரரும் தும்முவாரே."

"தும்மட்டும். குவைத்து தும்மலா, நம்மூரு தும்மலான்னு கேட்டுப் பார்ப்போம்."

மழைக்காலத்தில் காய்ந்த மட்டை கிடைக்கும் இடம் ஒன்றுதான், வெந்நீர்க் கொட்டில். வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டித் தனியாக நிற்கும் ஓட்டுக் கொட்டில். பெரிய செம்பு அண்டாவை மண்ணில் பதித்து, கீழே விடியற்காலையிலேயே தீ மூட்டுவார்கள். முன்பெல்லாம் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் குளித்து முடிக்கப் பத்து மணியாகும். அடுப்பின் சூடு சாயங்காலம் வரை போகாது. அந்தச் சூட்டில்தான் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டையும் ஓலையும் காயும். பொனிஃபாஸுக்கு மட்டும் அது பிடிக்காது. படுக்கையறைக்குள்ளேயே குழாயும் சுடுநீர்ப் பெட்டியும் வைத்துக் குளியலறை கட்டிக்கொண்டார். அந்தக் கொட்டில் இப்போது அவளுடையது மட்டும்.

ஆக, தினமும் சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் கார்மின் கூடை நிறைய மட்டை கொண்டுவந்தாள். கூடத்தில் கொட்டி, சட்டிகளுக்குப் பிரித்தாள். புகை ஓட்டுக் கூரைக்கு ஏறி அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. வராண்டாவில் இருவரும் கண்ணில் நீர் வழிய ஜெபமாலை சொன்னார்கள். புகைக்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது போல இருக்கும். காலையில் காலுறையில் பதினாலு, பதினெட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை பொனிஃபாஸ் தானே ஒரு முடிவெடுத்தார். பாக்குத் தோட்டக்காரர்கள் மருந்து வாங்கும் கடையில் மாட்டு உண்ணிக்கு அடிக்கும் திரவம் ஒரு புட்டி வாங்கிவந்தார். கார்மின் சந்தைக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தபோது, அவர் கையுறை போட்டுக்கொண்டு, அந்த மருந்து கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்ரியைக் குளிப்பாட்டித் தம்முடைய பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அந்த வீட்டில் ஒரு மிருகத்தை அவர் மடியில் வைத்துப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"சத்தமே போடல பாரு," என்றார். முகத்தில் ஒரு பெருமை. "நீ என்னமோ பூனைக்குத் தண்ணி ஆகாதும்பே."

பூனை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் காது துடித்தது. பிறகு முதுகு. பிறகு உடம்பு முழுவதும், குளிரில் நடுங்குவது போல, நிற்காமல். வாயில் நுரை. ஆஸ்பத்திரிக்குப் போனால் நாயும் மாடும் தாங்கும் மருந்து பூனை தாங்காது என்றாள் டாக்டரம்மா. மத்தியானத்துக்கு மேல் பாத்ரி செத்தது.

பொனிஃபாஸ் மழையில் நனைந்துகொண்டே பலா மரத்தடியில் குழி வெட்டினார். ஒரு பூனைக்கு வேண்டியதைவிட ஆழமாக வெட்டினார். கார்மின் வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்க வேண்டும், நீங்கள் நல்லதுதான் நினைத்தீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இறங்கவில்லை. சொல்லியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காதோ என்று பின்னால் பலமுறை நினைத்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவர் மிருகங்களின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். "அதுங்க" என்றார். ஒற்றைக்கண்ணி வயல் பக்கம் போனது, திரும்பவில்லை.

அந்த வாரக் கடைசியில் லவீனா ஃபோன் செய்தாள். செப்டம்பர் எட்டு, மாதாவின் பிறந்த நாள். புதுநெல் பண்டிகை. கதிரைக் கோவிலில் மந்திரித்து வாங்கிவந்து, அரைத்துத் தேங்காய்ப்பாலில் கலந்து வீட்டார் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட வேண்டிய நாள். எட்டு மாதப் பேரனோடு வருவதாக மகள் சொல்லியிருந்தாள்.

"அம்மா, இவன் இப்ப தவழ ஆரம்பிச்சிட்டான். கீழ விட்டா நிக்கிறதில்ல. அப்பா ஃபோட்டோ அனுப்பினார், அவர் காலை. பார்த்துட்டு என் மாமியார் வேண்டாம்ன்னுட்டாங்க."

"நான் கட்டில விட்டு இறக்கவே மாட்டேன் அவனை."

"நீ இறக்கமாட்ட. அது ஏறாதா?" லவீனா கொஞ்சம் நிறுத்தினாள். "கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்மா. அதுக்குள்ள எல்லாம் சரி பண்ணிடு."

எல்லாம் என்றால் எது என்று கார்மின் கேட்கவில்லை. நெல்மணியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். பொனிஃபாஸ் நாற்காலியிலிருந்து, "கேட்டுச்சா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பண்டிகைக்கு முந்தின ஒன்பது நாளும் சாயங்காலம் கோவிலில் மாதாவுக்குப் பூப்போடும் ஜெபம். நாலாம் நாள் கார்மின் ஜெபம் முடிந்து வந்தபோது வாசலில் டைனா ஓடிவரவில்லை. பாகிதான் எதிரே வந்தாள். எப்போதும் சிரிக்கும் அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பொர்பு டெம்போ ஓட்டுற சங்கப்பாவை வரச் சொல்லியிருந்தாரு பாயம்மா. வண்டிக் கதவைத் திறந்ததும் அந்தக் கழுதை தானே ஏறிக்கிச்சு. கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி. பெரிசு மட்டும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்து உறுமிச்சு. சங்கப்பா கையை விட்டுப் பார்த்தான், பல்லைக் காட்டிச்சு. அவரு கூப்பிட்டாரு. வரல."

"எங்க கொண்டுபோனான்?"

"மீன்துறைக்காம். அங்க மீன் கழிவு நிறைய, பட்டினி கிடக்காதாம்." பாகி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். "துறை நாய்ங்க புது நாயை என்ன செய்யும்ன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன்."

உள்ளே பொனிஃபாஸ் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார்.

"கேட்டீங்களா, என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா நீ விடுவியா?"

"விடமாட்டேன்."

"அதான் சொல்லல." தாளை மடித்தார். "இன்னொண்ணுக்குப் பண்டிகையன்னிக்கு மத்தியானம் வர்றான். அன்னிக்குத்தான் அவனுக்கு ஓட்டம் இல்லையாம். நீ கூப்பிட்டாத்தான் அது வெளிய வரும். கூப்பிட்டுக் குடு. முடிச்சிடலாம்."

பண்டிகைக்கு முதல்நாள் காலை, தீ மூட்ட வெந்நீர்க் கொட்டிலுக்குப் போனாள். மட்டைக் குவியலின் மேல், அடுப்புச் சுவரை ஒட்டி, வீட்டில் மிச்சமிருந்த பூனை பட்டாணி சுருண்டு படுத்திருந்தது. அதன் பக்கத்தில் மட்டை குழிந்து கிடந்தது. கைசருடைய உடம்பளவுக் குழி. அதற்கப்பால் இன்னொன்று, டைனாவுடையது. மழைக்கால விடியற்காலைகளில் அவை எல்லாம் எங்கே படுக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பார்ப்பதுதானே. அடுப்பு மூட்ட வரும்போது நாலைந்து தலை நிமிரும், நகர்ந்து இடம் கொடுக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். ஆனால் டாக்டரம்மா கேட்டபோது அது நினைவில் வரவில்லை. வீட்டில் எங்கே என்றுதானே கேட்டாள்? கொட்டில் வீட்டுக் கணக்கில் சேராது. ஈரமும் அழுக்கும் கழிக்கிற இடம். அதை யார் வீடு என்று சொல்வார்கள்?

கையை மட்டைக்குள் விட்டாள். உள்ளே கதகதப்பு. நாரின் தூள், உதிர்ந்த ரோமம், கறுப்புக் கறுப்பாக மிளகுத்தூள் போல ஏதோ. கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரை அவை குதித்துக்கொண்டிருந்தன. காலைக் குனிந்து பார்த்தாள். இரண்டு காலும் புள்ளி புள்ளியாக இருந்தன. அரிக்கவில்லை.

கூடை. தினமும் ஒரு கூடை. கூடத்தில் கொட்டி, சட்டி சட்டியாகப் பிரித்து, தீக்குச்சி கிழிக்கும் வரைக்கும் எத்தனை நேரம்? அதற்குள் அவை எல்லாம் இறங்கிப் போயிருக்கும். புகை போட்டு விரட்டியது ஒன்றும் இல்லை. அவளே தூக்கிவந்து அவர் காலடியில் கொட்டியிருக்கிறாள். ஜெபத்துக்கு முன்னால், தவறாமல்.

அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாத்ரி, டைனா, அவர் காலில் அந்தப் புண், தவழும் குழந்தை. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவும் பயமாக இருந்தது. பிறகு தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மட்டை முழுவதையும் வாரி வெளியே எறிந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த மட்டை எரியாது. பாகி வந்து, மட்டையிலிருந்து குதித்தவற்றைப் பார்த்துவிட்டு அவளோடு சேர்ந்து இழுத்தாள். குவியலின் மேல் வாளி வாளியாகக் கொதிநீரை ஊற்றினார்கள். கொட்டில் தரையைக் கரண்டியால் சுரண்டினார்கள்.

"நான்தான் சொன்னேன் மட்டையைப் போடச் சொல்லி," என்றாள் பாகி கடைசியில்.

"தூக்கிட்டு வந்தது நான்."

"ரெண்டு பேரும் கூடிச் செஞ்சிருக்கோம். அவரு ஒருத்தர் செஞ்சாத்தான் தப்பா?" பாகிக்குத் தன் பேச்சே பிடிக்கவில்லை போலும். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

சாயங்காலம் கட்டுப் பிரிக்கும்போது கார்மின் அவரிடம் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். எங்கே படுத்தன, எங்கிருந்து மட்டை எடுத்தாள், எத்தனை நாள் எடுத்தாள் எல்லாம்.

"ஆக, நீதான்."

"நான்தான்."

"தினமும்."

"தினமும். இனிமே வராது. வீட்டுல இருக்கிற கூடு எல்லாம் பொரிஞ்சு முடிய ஒண்ணு ஒண்ணரை மாசம் ஆகும்ன்னு டாக்டரம்மா சொன்னா. அப்புறம் போயிடும். நாயால இல்லைங்க. அதை விட்டுடுங்க."

அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "நாயால இல்லதான். எனக்குத் தெரியாதா?" துணியை அவள் கையிலிருந்து வாங்கித் தாமே சுற்றத் தொடங்கினார். கோணலாகச் சுற்றினார். "வருஷா வருஷம் நீ ஒரு கவர் அனுப்புவ. ஞாபகம் இருக்கா? ஏழு நெல்லு, காகிதத்துல மடிச்சு. பண்டிகை முடிஞ்சு பத்து நாள் கழிச்சு வரும். ரூமுல அஞ்சு பேரு, அஞ்சு பேருக்கும் வரும். ஒருக்கா எனக்கு வந்ததுல நெல்லோட ஒரு முடி இருந்துச்சு. நாய் முடி. எல்லாரும் சிரிச்சானுங்க. பொனிஃபாஸ் பெண்டாட்டி பிரியாணி அனுப்பியிருக்கான்னு."

"நீங்க சொன்னதே இல்லையே."

"நெல்லைத் தின்னுட்டு அந்த முடியைப் பர்ஸுல வெச்சுக்கிட்டேன். வீட்டுலேருந்து வந்தது. எந்த நாய், என்ன பேருன்னுகூட தெரியாது. ரெண்டு வருஷம் வெச்சிருந்தேன்." சுற்றுவதை நிறுத்தினார். "வந்த பிறகுதான் தெரிஞ்சுது, எனக்குன்னு வெச்சிருக்கிற இடத்துல அது படுத்திருக்குன்னு. ரெண்டு வருஷமாச்சு கார்மின். இன்னிக்கும் நான் கோவிலுக்குப் போயிட்டு வந்தா அது குலைக்குது. யாரோ வந்துட்டான்னு உனக்குச் சொல்லுது."

அவர் சொன்னது உண்மை. கைசர் குரைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து வாசலுக்குப் போய் யார் என்று பார்த்திருக்கிறாள்.

"நாளைக்குக் கூப்பிட்டுக் குடு," என்றார். இந்தத் தடவை அதிகாரமாகச் சொல்லவில்லை. கேட்டார்.

மறுநாள் கோவிலிலிருந்து கதிர் வந்தது. கார்மின் நெல்லை உரித்து அரைத்துத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் கலந்தாள். மீன் இல்லாத நாள். வெண்டை, சேம்பு, பாகல், புடலை, முளைகட்டிய பயறு என்று ஐந்து கறி. இருவருக்கும் இலை போட்டாள். பொனிஃபாஸ் ஜெபம் சொல்லி ஒரு மிடறு குடித்தார். அவள் குடித்தாள். பிறகு சோற்றில் அதே பாலைக் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, கட்டிலுக்கடியில் தட்டைத் தள்ளினாள். டைனா போன நாளிலிருந்து கைசர் வெளிக்குப் போவதற்கு மட்டும்தான் அங்கிருந்து வெளியே வந்தது, அதுவும் அவள் கூடப் போனால்தான்.

"அதுக்குமா?" என்றார் அவர்.

"வீட்டுல இருக்கிற எல்லாருக்கும்தானே."

மகளுக்கு அனுப்ப ஏழு நெல்மணியை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். முடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மடித்தாள்.

இலை எடுத்து முடிவதற்குள் டெம்போ சத்தம் கேட்டது. சங்கப்பா உள்ளே வரவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றான். "பொர்பு, மழை வலுக்குது. ஆத்துப் பாலத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள போகணும்," என்றான். பிறகு கார்மினைப் பார்த்துவிட்டு டெம்போவின் டயரைப் பார்க்கத் தொடங்கினான்.

பொனிஃபாஸ் படுக்கையறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூப்பிடு."

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், டக் என்று வால் தரையைத் தட்டும் சத்தம். அவள் அறைக்குள் வந்தது அதற்குத் தெரிந்துவிட்டது. அவள் நாக்கை மடித்து ஒரு சின்ன ஓசை எழுப்பினால் போதும். பதிமூன்று வருஷமாக அந்த ஓசைக்கு அது வராமல் இருந்ததில்லை. கயிறு இருந்தாலும் வரும். சங்கப்பா இருந்தாலும் வரும்.

"ஒரே ஒரு தடவை. அதோட முடிஞ்சுது," என்றார் அவர்.

கார்மின் அடுப்படிக்குப் போனாள். வெந்நீரும் பஞ்சும் மருந்தும் புதுத் துணியும் எடுத்துவந்தாள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"காலை நீட்டுங்க."

"முதல்ல அதைக் கூப்பிடு."

அவள் அவருடைய குதிகாலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோவில் அவசரத்தில் காலையில் மாற்றாமல் விட்ட, நேற்று அவர் கோணலாகச் சுற்றிய கட்டை மெதுவாகப் பிரித்தாள். ஓரம் இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது. இந்த முறையும் இருவரும் பார்த்தார்கள். பஞ்சை நனைத்து உள்ளிருந்து வெளியே துடைத்தாள்.

"கார்மின்."

மருந்து வைத்தாள். புதுத் துணியை எடுத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று. வெள்ளைத் துணியில் எங்கிருந்தோ ஒரு கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. நாக்கில் விரலை நனைத்து அதை அழுத்தி எடுத்து வெந்நீரில் உதறினாள். மூன்றாவது சுற்று. முற்றத்தில் சங்கப்பா ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தான்.

"உன் வாயால ஒரு சத்தம். அவ்வளவுதானே கேட்கிறேன்?"

அவள் முடிச்சுப் போட்டாள். கையை அவருடைய காலிலிருந்து எடுக்கவில்லை. வால் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் உதடு பிரியவில்லை.